நீங்கள் நடிக்கும் சூப்பர் ஹீரோ தொடரில் ஓர் அத்தியாயத்தை நீங்களே இயக்க: சிங்கப்பூர்த் தமிழ் நடிகர்களுக்கு

முகமூடி போட்டு நடிக்கும் நடிகர் ஒருவர், "அடுத்த சீசனில் ஓர் அத்தியாயத்தை நான் இயக்கட்டுமா?" என்று கேட்டதும் தயாரிப்பாளர் மனதில் இரண்டு கேள்விகள் எழும். சொன்ன நாளில் முடிப்பாரா? தன் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பாரா? இரண்டுக்கும் பதில் படப்பிடிப்புத் தளத்தில் கிடைக்காது. அதற்கு முந்தைய வாரங்களில் நீங்கள் செய்யும் வேலையில்தான் கிடைக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் முன்தயாரிப்பைப் பற்றியே எழுதியிருக்கிறேன். கேமரா ஓடத் தொடங்கிய பிறகு நடிப்பையும் இயக்கத்தையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கு நேரம் இருக்காது.

இது இதுவரை யாரும் கேட்காத வாய்ப்பும் அல்ல. 'ஸ்மால்வில்' தொடரில் கிளார்க் கென்ட்டாக நடித்த டாம் வெல்லிங் 2008இல் அதே தொடரின் ஓர் அத்தியாயத்தை இயக்கினார். 'தி ஃப்ளாஷ்' தொடரில் டாம் கேவனா 2017இலும், கெய்ட்லின் ஸ்னோவாக நடித்த டேனியல் பானபேக்கர் 2019இலும் முதன்முறை இயக்கினார்கள். பானபேக்கர் அதன்பின் அந்தத் தொடரிலேயே இன்னும் பல அத்தியாயங்களை இயக்கினார். முதல் அத்தியாயத்தை ஒழுங்காக முடித்தவரைத் தயாரிப்பாளர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். நம் ஊருக்கும் சூப்பர் ஹீரோ தொடர் அந்நியம் இல்லை. 1998இலேயே ஜேம்ஸ் லை நடித்த 'விஆர் மேன்' சேனல் 5இல் ஓடியது. வசந்தத்திலோ இணையத்திலோ தமிழில் அப்படி ஒரு தொடர் எடுக்கும் குழுவில் நீங்கள் இருந்தால், கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

கேட்பதற்கு முன்

முதலில் இன்னொரு இயக்குநரின் கூடவே இருந்து ஓர் அத்தியாயத்தை முழுதாகப் பாருங்கள். முழுதாக என்றால், திரைக்கதை கைக்கு வந்த நாளிலிருந்து எடிட் பூட்டப்படும் நாள் வரை, அதாவது இனி வெட்டில் மாற்றமே இல்லை என்று முடிவாகும் நாள் வரை. நடிகர்களுக்குப் படப்பிடிப்புத் தளம் நன்றாகத் தெரியும், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ், 1990இல் முதல் அத்தியாயத்தை இயக்குவதற்கு முன் எடிட்டிங் அறையிலும் தயாரிப்புக் கூட்டங்களிலும் நெடுநேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். அது விண்வெளித் தொடர்தான், ஆனாலும் நடிகராக இருந்து இயக்குநரானவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் தவறாமல் வரும்.

எடிட்டிங் அறையில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். எந்த ஷாட் இல்லாமல் எடிட்டர் தவிக்கிறார் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கதவைத் திறக்கும் கை, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று காட்டும் ஒரு வைட் ஷாட், பெரும்பாலும் இந்த மூன்றுதான் இல்லாமல் போயிருக்கும். அதோடு உங்கள் செலவில் ஒரு குறும்படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதில் ஒரு உரையாடல் காட்சியும் ஒரு சின்னச் சண்டையும் இருக்கட்டும். பயிற்சி வகுப்பு வேண்டும் என்றால் மிடில் ரோட்டில் உள்ள ஆப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம், லாசால் கலைக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிகள் என்று இடங்கள் உண்டு. 25 வயதைக் கடந்த சிங்கப்பூரர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தக்கூடிய வகுப்புகளும் இருக்கின்றன.

சரி, கேட்கும் நேரம் வந்துவிட்டது. அடுத்த சீசனின் கதை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். அத்தியாயங்கள் பிரிக்கப்பட்ட பிறகு கேட்டால் மிச்சம் இருப்பதுதான் கைக்கு வரும்.

எந்த அத்தியாயம்?

உங்கள் பாத்திரம் குறைவாக வரும் அத்தியாயத்தைக் கேளுங்கள். இந்த ஒரு தேர்வைச் சரியாகச் செய்தால் மற்ற வேலைகள் பாதி எளிதாகிவிடும். நாயகன் நீங்கள்தான் என்றால், அவன் காயப்பட்டுப் படுத்திருக்கும் கதை, அல்லது அவன் தங்கை தனியாக ஒரு சிக்கலைத் தீர்க்கும் கதை உங்களுக்கு ஏற்றது. இதோடு முந்தைய அத்தியாயத்திலும் உங்கள் காட்சிகளைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் முன்தயாரிப்பு செய்ய வேண்டிய நாட்களில்தான் முந்தைய அத்தியாயத்தின் படப்பிடிப்பு நடக்கும். அதில் நாள் முழுக்க நடித்துக்கொண்டிருந்தால் லொக்கேஷன் பார்க்க எப்போது போவீர்கள்?

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது. அமெரிக்காவில் ஒரு மணி நேரத் தொடருக்கு இயக்குநர் சங்கத்தின் கணக்குப்படி முன்தயாரிப்புக்கு 7 நாள், படப்பிடிப்புக்கு 8 நாள் என்று வைத்து ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியாக எடுப்பார்கள். இங்கே தமிழ்த் தொடர்களுக்கு அவ்வளவு நாள் கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒரே இயக்குநர் பல அத்தியாயங்களைப் பார்த்துக்கொள்வார், ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டில் நடக்கும் எல்லா அத்தியாயங்களின் காட்சிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். இந்த முறையில் "உங்கள் அத்தியாயம்" என்று தனியாக ஒரு வாரம் இருக்காது. காலையில் வேறொருவர் இயக்கத்தில் நடிப்பீர்கள், மதியம் அதே இடத்தில் நீங்கள் இயக்குவீர்கள். அது தலையைச் சுற்ற வைக்கும். அதனால் தனி இடத்தில், குறைந்த பாத்திரங்களோடு நடக்கும் அத்தியாயமாக இருந்தால் நல்லது. லிஃப்டில் நான்கு பேர் மாட்டிக்கொள்வது, ஒரே புளோக்கில் ஓர் இரவு முழுக்க நடப்பது போன்ற கதைகள். 2020இல் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' தொடரில் எலிசபெத் ஹென்ஸ்ட்ரிட்ஜ் இயக்கிய அத்தியாயம், ஒரே விமானத்துக்குள் நேரம் திரும்பத் திரும்பச் சுழலும் கதை. இடம் சிறியது என்பதால் செலவும் அலைச்சலும் அடங்கும். ஆனால் ஒரே இடத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்ட வேண்டும், கன்டினியூட்டியும், அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் நிலையும் ஒத்திருப்பதும், துளி பிசகக் கூடாது. அலைச்சலில் மிச்சமாகும் உழைப்பை அதில் செலுத்தலாம்.

திரைக்கதை கைக்கு வந்ததும்

தொடரின் அத்தியாயத்தை இயக்குபவர் அந்த உலகத்தைப் படைத்தவர் அல்ல. எழுத்தாளரோடும் தயாரிப்பாளரோடும் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியும் எந்தத் தொனியில் இருக்க வேண்டும் என்று வரிவரியாகப் பேசிவிடுங்கள். இந்தக் காட்சி சிரிக்க வைக்கவா, பயமுறுத்தவா? இந்தப் பார்வை பின்னால் வரும் ஏதாவது திருப்பத்துக்கு விதையா? உங்கள் பாத்திரத்தின் எதிர்காலம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களின் எதிர்காலம் தெரியாமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு திரைக்கதையை மூன்று முறை படியுங்கள். ஒரு தடவை ரசிகராக. ஒரு தடவை உங்கள் பாத்திரத்தை அடியோடு மறந்து, ஒவ்வொரு காட்சியும் யாருடையது என்று ஓரத்தில் பெயர் எழுதிக்கொண்டே. மூன்றாவது தடவை காசுக் கணக்குக்கு: எங்கே விஎஃப்எக்ஸ் (கணினியில் சேர்க்கும் காட்சி), எங்கே ரோப் (கயிற்றில் தொங்கும் சண்டை), எங்கே மழை, எங்கே கூட்டம்.

இரண்டாவது வாசிப்பில் உங்கள் பெயரே எல்லாக் காட்சியிலும் விழுந்தால், நீங்கள் இன்னும் நடிகராகவே படிக்கிறீர்கள் என்று பொருள். மறுபடியும் முதலிலிருந்து படியுங்கள்.

சண்டையைக் கதையாக எழுதுங்கள்

சூப்பர் ஹீரோ தொடரில் புது இயக்குநர் தடுமாறும் இடம் இதுதான். "இங்கே சண்டை" என்று திரைக்கதையில் இரண்டு வரி இருக்கும், மீதியை ஸ்டன்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். அடியும் உதையும் நன்றாக அமையும், ஆனால் பார்ப்பவருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது.

நடிகராக இருந்து இயக்க வருபவருக்கு இங்கே பெரிய பலம் உண்டு. அந்தப் பாத்திரம் எப்போது தயங்கும், எப்போது கோபத்தில் அறிவிழக்கும் என்று வேறு யாரையும்விட உங்களுக்குத் தெரியும். அதனால் சண்டையை அடிகளாக எழுதாதீர்கள். முடிவுகளாக எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு, தேக்கா ஈரச்சந்தைக்குப் பின்னால் நாயகிக்கும் வில்லனுக்கும் சண்டை என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவள் தப்பி ஓடத்தான் பார்க்கிறாள். காய்கறிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பாட்டி மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள், அதனால் நிற்கிறாள். தன் சக்தியைக் காட்டினால் முகம் தெரிந்துவிடும் என்று வெறும் கையால் சண்டை போடுகிறாள். தோற்கிறாள். கடைசியில் முகம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று சக்தியைப் பயன்படுத்துகிறாள். இந்த முடிவுகளை ஸ்டன்ட் மாஸ்டரிடம் கொடுங்கள். அவர் அதற்கேற்ற அடிகளை அமைத்துத் தருவார், அது அவருடைய கலை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு முடிவுக்கும் முகம் தெரியும் ஒரு ஷாட் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒத்திகையைக் கைப்பேசியில் படம் எடுத்து, கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டி, ஒளிப்பதிவாளரிடமும் எடிட்டரிடமும் காட்டுங்கள். இருபது ஷாட் என்று நினைத்தது பன்னிரண்டிலேயே முடியும் என்று அங்கே தெரியவரும். எந்த ஷாட்டில் டூப், எந்த ஷாட்டில் நிஜ நடிகர், எதில் ரோப் என்று எண் போட்டுக் குறித்துவிடுங்கள். ரோப் வேலையை ஸ்டூடியோவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. பொது இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதிலேயே அரை நாள் போய்விடும். பாதுகாப்பு விஷயத்தில் ஸ்டன்ட் மாஸ்டர் "வேண்டாம்" என்றால் அதுதான் கடைசிச் சொல். அதன்மேல் பேச்சுவார்த்தை கூடாது.

விஎஃப்எக்ஸ் ஷாட்களை எண்ணிக்கையாகவே தயாரிப்பாளரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குள் எது அவசியம் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். படம் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடிகர்கள் இல்லாத வெற்று பிளேட் ஒன்று, அதாவது பின்னணி மட்டும் இருக்கும் ஷாட், எடுத்து வையுங்கள். கேமராவை ஆட்டாமல் நிறுத்தினால் செலவு குறையும். இல்லாத அரக்கனைப் பார்த்து நடிப்பவருக்கு, கோல் நுனியில் ஒரு பந்தைக் கட்டி ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். வெறும் பச்சைத் துணியைப் பார்த்துக் கத்துவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் சக நடிகரை அந்த நிலையில் விடாதீர்கள்.

சிங்கப்பூரில் இடமும் வெயிலும் அனுமதியும்

வீவக புளோக்கின் வெற்றுத் தளம், தாழ்வாரம், மொட்டை மாடிக் கார் நிறுத்துமிடம் எல்லாம் நம் கதைகளுக்கு அருமையான இடங்கள். வெற்றுத் தளத்துக்கு நகர மன்றத்திடமும், பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடமும், எம்ஆர்டி நிலையத்துக்கு அதை நடத்தும் நிறுவனத்திடமும் அனுமதி வாங்க வேண்டும். போலித் துப்பாக்கியோ போலிஸ் சீருடையோ காட்சியில் இருந்தால் போலிஸிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முகமூடி போட்ட ஒருவர் கத்தியோடு ஓடுவதைப் பத்தாவது மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அது நாடகம் என்று தெரியாது. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. விமான நிலையங்களும் ராணுவ விமானத் தளங்களும் இருக்கும் சின்னத் தீவு இது, பறக்கவிட முடியாத இடங்கள் நிறைய. இதையெல்லாம் தயாரிப்பு மேலாளர் செய்வார்தான். ஆனால் எத்தனை வாரம் ஆகும் என்று தெரியாமல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் அவரை நெருக்கடியில் தள்ளிவிடுவார்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, கிட்டத்தட்ட ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் நேர் மேலிருந்து விழும் வெயிலில் முகமூடிக்குள் கண்கள் கறுத்துப்போகும். முகமூடிக் காட்சிகளைக் காலையிலோ நான்கு மணிக்குப் பிறகோ வையுங்கள். மாலை ஏழு மணிவாக்கில் சூரியன் மறைந்தால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. அந்தக் காட்சிக்கு மதியமே ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் மழைக்காகக் கூரைக்குள் எடுக்கக்கூடிய ஒரு மாற்றுக் காட்சியை எப்போதும் கையில் வையுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் கிரேனும் ரோப்பும் இறங்கிவிட வேண்டும்.

சத்தம் இன்னொரு தலைவலி. குடியிருப்புக்கு அருகே ஞாயிற்றுக்கிழமை கட்டுமான வேலை நடக்காது, அதனால் முக்கியமான உரையாடலை அன்றைக்கு வைத்தால் ஒலிப்பதிவாளர் உங்களை வாழ்த்துவார். இரவு 10.30க்கு மேல் புளோக்குக் கீழே கத்தும் காட்சி வேண்டாம். மேலே குழந்தைகள் தூங்குவார்கள்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்தால் தாழ்வார விளக்குகள் படத்தில் மினுங்காது. சண்டையை ஸ்லோ மோஷனில் காட்ட வேண்டுமென்று ஃபிரேம் வேகத்தைக் கூட்டினால் மினுக்கம் வரலாம். லொக்கேஷன் பார்க்கப் போகும் அன்றே கேமராவைக் கொண்டுபோய் அந்த விளக்கின் கீழ் ஒரு சோதனை எடுக்கச் சொல்லுங்கள்.

உடையையும் மறக்காதீர்கள். ரப்பரும் ஃபோமும் சேர்ந்த சூப்பர் ஹீரோ உடைக்குள் நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரம் நின்றாலே மயக்கம் வரும். ஒவ்வொரு இடைவேளையிலும் முகமூடியைக் கழற்றுவதற்கு, விசிறிக்கு, தண்ணீருக்கு நேரத்தைக் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

படப்பிடிப்பு நாளில்

உங்கள் நடிப்பைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். இணை இயக்குநராக இருக்கலாம், கன்டினியூட்டி பார்ப்பவராக இருக்கலாம். ஒருவர் மட்டும். டேக் முடிந்ததும் எல்லாரும் கருத்துச் சொன்னால் குழம்பிப்போவீர்கள். அவரோடு முந்தின நாளே உட்கார்ந்து, இந்தக் காட்சியில் என் பாத்திரம் எதை மறைக்கிறது, எங்கே உடைகிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் "வந்தது" என்றால் நம்பி நகருங்கள். ஒவ்வொரு டேக்கையும் மானிட்டரில் ஓடவிட்டுப் பார்த்தால் மதியத்துக்குள் இரண்டு காட்சி கையை விட்டுப் போய்விடும். ஓகே ஆன டேக்கை ஒரு தடவை பாருங்கள், போதும்.

ஒத்திகையின்போது உங்கள் இடத்தில் வேறு ஒருவரை நிறுத்தி, மானிட்டரிலிருந்து காட்சியைப் பாருங்கள். முகமூடிப் பாத்திரம் என்றால் வைட் ஷாட்டிலும் முதுகு தெரியும் ஷாட்டிலும் டூப்பே நிற்கலாம், வசனத்தை டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம். இந்த வசதி சாதாரணக் குடும்பத் தொடரில் கிடைக்காது, நன்றாகப் பயன்படுத்துங்கள். உங்கள் க்ளோஸ்-அப்பை நாளின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். "என்னுடையதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லத் தோன்றும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் களைத்த முகத்தோடு ஒரே டேக்கில் எடுத்தது எடிட்டில் அப்பட்டமாகத் தெரியும். அதனால் நஷ்டப்படுவது உங்கள் எதிரே நடித்தவரும்தான்.

சக நடிகர்களிடம் பேசும் முறையில் கவனம் வேண்டும். நேற்று வரை அக்கா, அண்ணே என்று கூப்பிட்டவர்களை இன்றும் அப்படியே கூப்பிடுங்கள். எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லுங்கள். நடித்துக் காட்டாதீர்கள். நம் திரை மரபில் இயக்குநர் நடித்துக் காட்டுவது சகஜம்தான், ஆனால் நீங்களும் நடிகர் என்பதால் அவர் உங்களைப் போல நடிக்கத் தொடங்கிவிடுவார். "இன்னும் சோகமாக" என்று சொல்வதால் பயன் குறைவு. "அக்கா, இந்த வரியில் அவனை எப்படியாவது வீட்டை விட்டு அனுப்பப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

தமிழ் தெரியாத குழுவினரையும் மனதில் வையுங்கள். நம் படப்பிடிப்புகளில் கேமரா, ஒலி, விளக்கு எல்லாவற்றிலும் மலாய், சீன நண்பர்கள் வேலை செய்கிறார்கள். வசனத்தின் எந்தச் சொல்லில் கேமரா நகர வேண்டும் என்று தமிழில் மட்டும் குறித்திருந்தால் அவர்களுக்குப் பயன்படாது. நகர்வுக்கான குறிப்பைச் சொல்லில் வைக்காமல் செயலில் வையுங்கள்: கோப்பையைக் கீழே வைக்கும்போது, திரும்பும்போது. காலையில் அன்றைய காட்சிகளை அவர்களுக்கும் புரியும் மொழியில் இரண்டு நிமிடம் கதையாகச் சொல்லுங்கள். ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஒளிப்பதிவாளரான ஃபோகஸ் புல்லருக்குக் கதை தெரிந்தால், நீங்கள் கேட்காமலேயே சரியான முகத்தில் ஃபோகஸை வைப்பார்.

எடிட்டிங்

முதல் வெட்டை நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எடிட்டரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் உங்கள் முகத்தைத் தவிர்த்த இடங்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். எடிட்டருக்குத் தமிழ் சரளமாக வராது என்றால் வசனங்களின் பொருளைக் காட்சிவாரியாக எழுதிக் கொடுங்கள். விஎஃப்எக்ஸ் வராத இடங்களில் ஒத்திகைக் காணொளியைத் தற்காலிகமாக ஒட்டி நீளத்தைப் பாருங்கள். படம் பூட்டப்பட்ட பிறகு ஒரு நொடி கூட்டினாலும் அந்த வேலையை விஎஃப்எக்ஸ் குழுவினர் மறுபடி செய்ய வேண்டிவரும். துணைத்தலைப்பை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள், தமிழ் தெரியாத நேயர் உங்கள் அத்தியாயத்தை அதை வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

உங்கள் வெட்டைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்த பிறகு அவர் மாற்றுவார். எது முக்கியம் என்று முன்கூட்டியே ஒரு சின்னப் பட்டியல் எழுதி, காரணத்தோடு கொடுங்கள். அந்தச் சில இடங்களுக்காக மட்டும் வாதாடுங்கள். மற்றதை விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் கால்ஷீட்டைப் பார்த்து மறுபடியும் நடிகராக மேக்கப் நாற்காலியில் போய் உட்காருங்கள். அடுத்த அத்தியாயத்தின் இயக்குநர் சொல்வதைக் கேட்டு நடியுங்கள், அவர் ஷாட் வைக்கும்போது பின்னால் நின்று யோசனை சொல்ல வேண்டாம்.